ஐஸ் பிளாண்ட் ஸ்விட்சில் லாக் எடுத்த கதை

முட்டம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஐஸ் பிளாண்டில் கேமரா, நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. எனக்குத் திங்கள்சந்தையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. ஜூலை 31-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் பிளாண்ட் ராப்பகலாக ஓடும். அந்த வாரமே போன் வந்தது: ராத்திரி கேமரா போகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடுகிறது.

அங்கே இரண்டு மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும், உள்ளே நுழைந்து செட்டிங் மாற்றக்கூடிய பெட்டிகள். ஒன்று ஆபீஸில், மற்றது கம்ப்ரசர் அறைச் சுவரில். நடுவே ஃபைபர். முதலில் உப்புக்காற்றைத்தான் சந்தேகப்பட்டேன். இந்தக் கரையில் ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் முனை) பின்னில் பச்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம். கனெக்டர்களை வெட்டி மாற்றினேன். இரண்டாம் நாளே மறுபடி போன்.

சரி, ஸ்விட்சிடமே கேட்போம் என்று கம்ப்ரசர் அறை ஸ்விட்சின் லாக் (நடந்ததை நேரத்தோடு குறிக்கும் பதிவு) பக்கத்தைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு வரிதான். எல்லாவற்றிலும் தேதி 1970 ஜனவரி 1. நேரம் தெரியாத ஸ்விட்ச் காட்டும் தேதி அது. ராத்திரி நடந்த எதுவும் இல்லை. லாக் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், கிடக்கிறது. ஸ்விட்ச் அணைந்தால் அதுவும் போச்சு. அணைந்தாலும் அழியாத ஃபிளாஷில் எழுதும் வசதி இருந்தாலும் அதில் பெரிய பிழைகள் மட்டும் போகும்படி வைத்திருந்தது. கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் என்று சொல்லும் அப்டைமைப் பார்த்தால் ஆறு மணி நேரம். ஆக, ராத்திரி அணைந்து எழுந்திருக்கிறது.

ஆபரேட்டர் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "யுபிஎஸ் இருக்குல்லா மக்ளே, பின்ன எப்படி அணையும்?" முதலாளியோ புது ஸ்விட்சுக்கு விலை கேட்க ஆரம்பித்திருந்தார். நேரத்தோடு கையில் ஒரு ஆதாரம் இல்லாமல் இனி பேசிப் பயனில்லை.

முதல் வேலை கடிகாரம். நேரம் தப்பான லாக் வெறும் புலம்பல். டைம் ஜோன் +5:30 போட்டேன். தேதி அதே 1970-இல் நின்றது, மணி மட்டும் ஐந்தரை தள்ளிப் போனது! நெட்டிலிருந்து சரியான நேரம் தரும் என்டிபி சர்வர் முகவரியைக் கொடுத்து, பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் வெளியே போகும் வழியான கேட்வேயும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிகழ்காலத்துக்கு வந்தது. இரண்டு ஸ்விட்சிலும் இதைச் செய்தேன்.

அடுத்து லாக்கை வெளியே அனுப்புவது. ஆபீஸில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். லாக்கை வாங்கிச் சேர்த்துவைக்கும் ஆர்சிஸ்லாக் என்ற புரோகிராம் அதிலேயே இருக்கும். அதன் கான்ஃபிக் ஃபைலில் லாக் வந்து சேரும் யுடிபி 514 போர்ட்டைத் திறக்கும் இரண்டு வரிகளுக்கு முன்னால் இருக்கும் ஹாஷ் (#) குறியை எடுத்து, ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டைத் திறந்தால் வேலை முடிந்தது. ஸ்விட்ச் பக்கம் அந்த டெஸ்க்டாப்பின் ஐபியும், எவ்வளவு முக்கியமான செய்திகளை அனுப்ப வேண்டும் என்ற லெவலும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த லெவலில்தான் ஒரு நாள் போச்சு. சிஸ்லாக்கில், அதாவது இப்படி லாக் அனுப்பும் முறையில், லெவல் 0 முதல் 7 வரை. எண் சிறிதானால் விஷயம் பெரிது. 7 டீபக், சின்னச் சின்ன விவரம் எல்லாம் வரும்; அதைப் போட்டால் ஸ்விட்ச் வாயை மூடாது. சிக்கனமாக 4 வைத்தேன்; 0 முதல் 4 வரை உள்ளவை மட்டும் வரும். கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தால் போர்ட் 'டவுன்' வரி வருகிறது, 'அப்' வரி வரவே இல்லை. விழுந்த போர்ட் எழும்பவே இல்லையோ என்று பயந்துபோனேன். விஷயம் என்னவென்றால், இந்த ஸ்விட்ச் 'டவுன்'-ஐ 4-இலும் 'அப்'-ஐ 6-இலும் எழுதுகிறது. 6-க்கு மாற்றினேன்.

மறுநாள் காலை ஆசையாக வந்து பார்த்தால், கம்ப்ரசர் அறை ஸ்விட்சிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. இப்போது ஓடும் செட்டிங்கை (ரன்னிங் கான்ஃபிக்), அணைந்தாலும் நிலைக்கும் ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் சேவ் செய்ய மறந்திருக்கிறேன். அணைந்து எழுந்ததும் நான் எழுதியதெல்லாம் காலி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆபீஸ் ஸ்விட்ச் அணையவில்லை. ஃபைபர் போர்ட் 3:07-க்கு விழுந்து 3:09-க்கு எழுந்ததை அது சொல்லியிருந்தது. சாகிற ஸ்விட்ச் எதையும் சொல்லிவிட்டுச் சாகாது, பக்கத்து ஸ்விட்ச்தான் சாட்சி.

இந்த முறை சேவ் செய்தேன். ஆர்சிஸ்லாக்கில் செய்தி வந்து சேரும் நேரத்தையும் வரியோடு எழுத வைத்தேன். எழுந்தவுடன் என்டிபி கிடைக்கும்வரை ஸ்விட்ச் 1970 என்றே சொல்லும் என்பதால் இது தேவைப்பட்டது.

மூன்று ராத்திரி லாக்கைப் பேப்பரில் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன். எந்த கம்ப்ரசரை எத்தனை மணிக்கு ஓட்டினார் என்று ஓரம் மடங்கிய அந்த நோட்டில் நீல மையால் எழுதுவார். இரண்டாவது கம்ப்ரசர் 3:05 என்று அவர் எழுதிய ராத்திரியில் என் பேப்பரில் 3:07. அவர் 1:40 என்றால் எனக்கு 1:42. ஒவ்வொன்றிலும் அதே இரண்டு நிமிஷ வித்தியாசம். அண்ணாச்சி தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்த மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்குகிறது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது, அந்த நொடியில் ஸ்விட்ச் அணைகிறது. யுபிஎஸ்ஸைக் கழற்றினோம். பேட்டரி பக்கவாட்டில் உப்பி, வெளியே எடுக்கவே வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டியிருந்தது.

புது பேட்டரி மாட்டிய அன்றே ராத்திரி அண்ணாச்சி போன் செய்தார். "இப்ப ரெண்டாவத ஓட்டியாச்சு மக்ளே, ஒன் கம்ப்யூட்டர்ல பாரு." படுத்திருந்தவன் எழுந்து, வீட்டிலிருந்தே லாக்கைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு வரியும் விழவில்லை.