ஹிஸ்டமின் வாங்கிகளும் பிறபொருளெதிரிகளும்: வாய்மொழிப் பரீட்சைக்குச் செல்வோருக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனது இறுதியாண்டு ஆய்வுக்கான வாய்மொழிப் பரீட்சையின் பெரும்பகுதி ஒரே கேள்வியில் கழிந்தது: வெஸ்டேர்ன் புளொட்டில் (புரதங்களை ஜெல்லில் பருமன்படி பிரித்து, குறித்த புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரியால் கண்டறியும் முறை) தெரியும் பட்டை ஹிஸ்டமின் எச்1 வாங்கிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து இத்துறையில் ஆய்வு செய்யும் தம்பி, தங்கைகள் இதற்கான விடையைப் பரிசோதனை தொடங்கும் முன்பே சிந்தித்து வைத்திருக்க வேண்டும்.

ஹிஸ்டமின் என்ற உடல் இரசாயனத்தைப் பற்றி, அதன் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் எச்1 முதல் எச்4 வரையான நான்கு வாங்கிகளும் கல மென்சவ்வை ஏழு தடவை ஊடுருவும் புரதங்கள். அவற்றின் பெரும்பகுதி மென்சவ்வுக்குள் புதைந்திருப்பதாலும், பல இழையங்களில் அவை மிகக் குறைவாகவே இருப்பதாலும், அவற்றை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரியை உருவாக்குவது கடினம். மனித எச்1 வாங்கியில் 487 அமினோ அமிலங்கள் உள்ளன; கணக்கின்படி அதன் திணிவு ஏறத்தாழ 56 கிலோடால்டன். ஆனால் வெல்லச் சங்கிலிகள் இணைந்திருந்தால் பட்டை மேலே நகரலாம். மாதிரியை 95 பாகை செல்சியசில் சூடாக்கினால் இத்தகைய புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு ஜெல்லின் மேற்பகுதியிலேயே தங்கிவிடலாம். ஆகவே எதிர்பார்த்த இடத்தில் பட்டை வந்தது என்ற விடை பரீட்சகரைத் திருப்திப்படுத்தாது, திருப்திப்படுத்தவும் கூடாது.

பலர் அடுத்ததாகச் சொல்வது, பிறபொருளெதிரியை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைட்டைச் (குறுகிய அமினோ அமிலச் சங்கிலி) சேர்த்ததும் பட்டை மறைந்தது என்பதாகும். இங்கே சற்று நின்று யோசியுங்கள். பெப்டைட்டு பிறபொருளெதிரியின் பிணைப்பிடத்தையே நிரப்பிவிடுவதால், அதே இடத்தால் வேறொரு புரதத்தைப் பற்றியிருந்த பட்டையும் சேர்ந்தே மறையும். அவ்வாங்கியின் பரம்பரையலகு நீக்கப்பட்ட எலியின் இழையத்தில் சைகை இல்லாமற் போவதே வலுவான சான்று. 2012இல் வெளியான ஜேர்மனிய ஆய்வொன்றில், விற்பனையிலுள்ள எச்4 பிறபொருளெதிரிகளை இவ்வாறு சோதித்தபோது, அவ்வாங்கியே இல்லாத எலிகளிலும் சைகை தோன்றியது. பரீட்சைக்கு முன் அதைத் தேடி வாசித்துவிடுங்கள்.

அத்தகைய எலிகள் கைக்கெட்டாத இடத்தில், வாங்கி இல்லாத கலங்களையும், அதே கலங்களுக்குள் வாங்கியின் பரம்பரையலகைச் செலுத்தியவற்றையும் ஒரே ஜெல்லில் அருகருகே ஓட்டலாம். வாங்கியைப் பற்றும் முதற் பிறபொருளெதிரி இடாமல், அதைப் பற்றிக் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரியை மட்டும் இட்ட கட்டுப்பாடும் அவசியம். எச்1 வாங்கியைப் பொறுத்தவரை, அவ்வாங்கியைப் பற்றும் மருந்தான மெபிரமினின் கதிரியக்க வடிவம் பிணைவதை அளக்கும் முறை பிறபொருளெதிரியைச் சாராத தனிச் சாட்சியாக நிற்பதால், வாய்ப்பிருந்தால் அதையே முதலில் நாடுங்கள் என்பேன்.

பல்குளோன் பிறபொருளெதிரிகள் (பல கலவழிகளிலிருந்து வரும் கலவை) தொகுதிக்குத் தொகுதி வேறுபடக்கூடியவை. போத்தலிலுள்ள தொகுதி எண்ணை, அதைத் திறக்கும் நாளிலேயே ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.