“ஹி” என்றால் யார்?

எங்கள் மேல்வகுப்பு ஆங்கில ஆசிரியர் கட்டுரை ஏடுகளைத் திருத்தித் தரும்போது, எழுத்துப் பிழைகளைவிட அதிகமாக அவற்றில் காணப்பட்டவை சிவப்பு அம்புக்குறிகள்தாம். ‘ஹி’, ‘இட்’, ‘தே’, ‘திஸ்’ என்று ஒரு பிரதிப்பெயர் வந்தால், அங்கிருந்து பின்னோக்கி ஒரு கோடு இழுத்து, அது சுட்டும் பெயரில் கொண்டுபோய் நிறுத்துவார். கோடு ஒரே பெயரில் நின்றால் வாக்கியம் தேறிவிடும். இரண்டு பெயர்களில் நிற்கலாம் என்றாலோ, நிற்பதற்குப் பெயரே இல்லை என்றாலோ, ஓரத்தில் “யார்?” அல்லது “எது?” என்று தமிழிலேயே எழுதிவிடுவார்.

“ரவி மெட் கண்ணன் நியர் ஹிஸ் ஹவுஸ்” என்று நான் எழுதிய வாக்கியம் இன்றும் நினைவிருக்கிறது. ஓரத்தில் “யாருடைய வீடு?” என்றிருந்தது. அதையே தமிழில் சொல்லும்படி ஆசிரியர் கேட்டார். “ரவி தன் வீட்டருகே கண்ணனைச் சந்தித்தான்” என்றேன். “தன் வீடு என்று சொன்னாயே, அந்தத் ‘தன்’ ஆங்கிலத்தில் எங்கே போயிற்று?” என்று கேட்டார். தமிழில் ‘தன்’ என்றால் எழுவாயைச் சேரும். ‘அவன்’ என்றால் பெரும்பாலும் மற்றவனைச் சேரும். ஆங்கிலத்தின் ‘ஹிஸ்’ இருவருக்கும் பொது. ஆகவே, “ரவி வாஸ் நியர் ஹிஸ் ஹவுஸ் வென் ஹி மெட் கண்ணன்” என்று வாக்கியத்தையே மாற்றி அமைக்கக் கற்றுத் தந்தார். ரவி கண்ணனிடம் தான் தேறிவிட்டதாகச் சொன்னான் என்பதை எழுதும்போதும் இதே இடர் வரும். அங்கே நேர்கூற்றாக, ரவியின் வாயிலேயே ‘ஐ’ என்று வைத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தவறு எளிதில் நேர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு என்று பின்னாளில் உணர்ந்தேன். ‘வந்தாள்’, ‘வந்தார்கள்’ என்று வினைமுற்றின் விகுதியே பாலையும் எண்ணையும் இடத்தையும் காட்டிவிடுவதால், எழுவாயைச் சொல்லாமலே நாம் பல வாக்கியங்களைக் கடந்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது; அந்த வெற்றிடத்தில், யாரைக் குறிக்கிறோம் என்று எண்ணாமலே ஒரு ‘ஹி’யை வைத்துவிடுகிறோம். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வரும்போது இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னும் சொல்ல வேண்டும் என்றும், செய்யுளில் மட்டும் இது மாறி வரலாம் என்றும் தொல்காப்பியம் விதிக்கிறது. எங்கள் ஆசிரியர் அந்த விதியை ஆங்கில வகுப்பிலும் சொன்னது எனக்குப் பெரிய பேறாக அமைந்தது.

உயிரற்ற பொருள்களில் ‘தன்’ போன்ற துணையும் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடுத்த முறைப்பணியில் வருபவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். பம்பிலிருந்து ஃபில்டரைக் கழற்றிவிட்டோம் என்று முதல் வாக்கியத்தில் எழுதி, இரண்டாவதில் “ப்ளீஸ் சென்ட் இட் ஃபார் ரிப்பேர்” என்று முடித்திருந்தேன். நான் நினைத்தது ஃபில்டரை. அவர்கள் பழுதுபார்க்க அனுப்பியது பம்பை. பம்பு திரும்பி வரும்வரை வேலை நின்றது. “சென்ட் த ஃபில்டர்” என்று அந்தப் பெயரை மறுபடி எழுதியிருந்தால் போதும். ஒரே சொல்லைத் திரும்ப எழுதுவது நடைக்கு இழுக்கு என்று எங்கோ கற்ற பாடம் கையைத் தடுத்திருக்கிறது. பொருள் மயங்கும் இடத்தில் பெயரைத் திரும்பச் சொல்வது குறையன்று என்பதை ஆசிரியர் எத்தனையோ முறை வலியுறுத்தியிருந்தார். ‘த ஃபார்மர்’ (முன்னது), ‘த லாட்டர்’ (பின்னது) என்று எழுதுவதையும் அவர் விரும்பியதில்லை. அவை படிப்பவரைப் பின்னே திரும்பி எண்ணிப் பார்க்க வைக்கின்றன என்பார். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

‘திஸ்’ இன்னும் நுட்பமானது. மண்டபம் பூட்டியிருந்ததால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று எழுதிவிட்டு, “திஸ் அப்செட் த மெம்பர்ஸ்” என்றால், உறுப்பினர்களை வருத்தியது பூட்டிய மண்டபமா, தள்ளிவைத்த முடிவா? ‘திஸ் டிசிஷன்’ என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்தால் தெளிவாகிவிடும். “இன் த ஃபார்ம் தே ஆஸ்க்” என்பதில் வரும் ‘தே’க்கு ஆளே இல்லை, படிவமே கேட்கிறது என்று எழுதலாம்.

எழுதியவருக்குத் தான் சுட்டியது எது என்று தெரியுமாதலால், தன் மயக்கம் தனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ஆசிரியர் ஏடுகளை மாற்றிக்கொள்ளச் சொல்லி, ஒருவர் வாக்கியத்துக்கு மற்றவர் கோடு இழுக்குமாறு செய்தார். பக்கத்தில் இருந்த நண்பர் என் கட்டுரையில் இழுத்த கோடு, நான் நினைத்தே பாராத ஒரு பெயரில் போய் நின்றது. இன்றும் முக்கியமான குறிப்பு எதையும், அந்த வேலையில் தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டி, “இதில் வரும் ‘இட்’ எது?” என்று கேட்ட பிறகே அனுப்புகிறேன்.