கூகுள் டாஸ்க்ஸில் டிக் அடித்தால் ஷீட்டில் தேதி விழ வேண்டும்

வீட்டு வேலைகளில் ஒரு ரகம் உண்டு. தினமும் கிடையாது, வருஷத்துக்கு ஒருமுறையும் கிடையாது, நடுவில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும். மாடித் தொட்டி கழுவுவது, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, ஆர்ஓ ஃபில்டர் மாற்றுவது, ஏசி வலையைக் கழற்றி அலசுவது. இதற்கெல்லாம் ரிமைண்டர் வைப்பது பெரிய விஷயமில்லை. கடைசியாக எப்போது செய்தோம் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு தேதி வரும். கூகுளின் வேலைப் பட்டியல் ஆப்பான கூகுள் டாஸ்க்ஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டுவைக்கலாம், ஆனால் அது காலண்டரைப் பார்த்தே ஓடுகிறது. ஜனவரி 1 செய்ய வேண்டியதை 25-ஆம் தேதி செய்தாலும் அடுத்தது ஏப்ரல் 1-க்கே வந்து நிற்கும். எனக்கு வேண்டியது செய்த நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்குவதும், அந்த நாள் ஒரு கூகுள் ஷீட்டில் (கட்டம் போட்ட விரிதாள்) தானாகப் பதிவாவதும்.

டோடோயிஸ்ட் என்ற இன்னொரு வேலைப் பட்டியல் ஆப் வைத்திருப்பவர்களுக்கு முதல் பாதி இனாமாகவே கிடைக்கிறது. அதில் 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டு 90 நாள் என்று எழுதினால் முடித்த நாளிலிருந்துதான் கணக்கு வைக்கும். அது மட்டும் போதும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதி எல்லாம் வேலை மெனக்கெட்ட வேலைதான்.

முதலில் கோடு எழுதாமல் முடியுமா என்று பார்த்தேன். ஒரு ஆப்பில் ஏதாவது நடந்தால் இன்னொன்றில் தானாக வேலை செய்யும் ஸேப்பியர் என்ற சேவையில் 'டாஸ்க் முடிந்தால் ஷீட்டில் ஒரு வரி சேர்' என்பது சில நிமிஷ வேலை, உடனே ஓடியது. ஆனால் எனக்குப் புது வரி மட்டும் போதாது, ஏற்கெனவே இருக்கும் 'மாடித் தொட்டி' வரியைத் தேடிப்பிடித்து அதில் தேதியை மாற்ற வேண்டும். தேடுவது ஒரு படி, மாற்றுவது இன்னொரு படி. ட்ரிக்கரோடு (எது நடந்தால் ஓட வேண்டும் என்று சொல்லும் படி) சேர்த்து மூன்று படி ஆகிவிடுகிறது, இலவசத் திட்டத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. மேக் என்ற இதே மாதிரிச் சேவையில் (முன்பு இன்டெக்ரோமேட் என்று இருந்ததே, அதேதான்) படிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே கணக்கு வேறு மாதிரி. மாதம் 1000 கிரெடிட் (முன்பு ஆபரேஷன் என்றார்கள்) இலவசம், ஆனால் 'புதுசாக ஏதாவது இருக்கா?' என்று எட்டிப் பார்ப்பதே ஒரு கிரெடிட், ஒன்றும் இல்லாவிட்டாலும். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு நாளுக்கு 96, மாதத்துக்கு 2880. மணிக்கு ஒருமுறை என்றால் 720, அது கொள்ளும். தொட்டி கழுவினதை ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்துகொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இருந்தாலும் மாதக் கடைசியில் மீதி எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருப்பது எனக்குச் சரிப்படவில்லை, கூகுளே தரும் கோடு எழுதும் கருவியான ஆப்ஸ் ஸ்கிரிப்டுக்கு வந்துவிட்டேன். இதை லோ-கோடு (அதிகம் கோடு எழுதாத வழி) என்று சொன்னால் சிலர் அடிக்க வருவார்கள். ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவிலேயே இருக்கிறது, இடது பக்கம் சர்வீசஸ் என்பதில் டாஸ்க்ஸ் ஏபிஐயை (ஸ்கிரிப்ட் டாஸ்க்ஸோடு பேசும் வாசல்) சேர்த்தால் லாகின், டோக்கன் என்று எந்தத் தொல்லையும் இல்லை. முதல் தடவை ஓட்டும்போது இந்த ஆப் கூகுளால் சரிபார்க்கப்படவில்லை என்று ஒரு திரை வந்து பயமுறுத்தும். நம் கையால் எழுதியது, நம் கணக்கு, அட்வான்ஸ்டு வழியாக உள்ளே போகலாம்.

ஸ்கிரிப்டைத் தொடும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு இடத்திலும் தகவல் இருந்தால் எது சொல்வது சரி? நான் ஷீட்டுக்குப் பட்டம் கட்டிவிட்டேன். டாஸ்க்ஸ் ஆப் வெறும் முகப்பு, அதில் இருப்பதெல்லாம் ஷீட் அனுப்பிவைத்தது. இந்த முடிவை எடுக்காமல் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று திருத்தட்டும் என்று விட்டால் அப்புறம் எந்தக் கருவி வைத்தும் சமாளிக்க முடியாது.

ஷீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: வேலையின் பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாகச் செய்த தேதி, அடுத்த தேதி, டாஸ்க் ஐடி (ஒவ்வொரு டாஸ்க்குக்கும் கூகுள் தரும் அடையாளக் குறி). அடுத்த தேதி வெறும் கூட்டல்தான். கடைசித் தேதி காலியாக இருந்தால் மட்டும் வேடிக்கை, 90 நாள் இடைவெளி போட்ட வரியில் அடுத்த தேதி 1900 மார்ச் 30 என்று வந்து உட்காரும். ஷீட்டுக்கு 1899 டிசம்பர் 30-தான் பூஜ்யம், காலிக் கட்டத்தை அது பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 90-ஐக் கூட்டுகிறது. ஒரு 'இஃப்' போட்டு, காலி என்றால் இன்றைய தேதி என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

ஸ்கிரிப்ட் மணிக்கு ஒருமுறை ஓடுகிறது. அடுத்த தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஐடி கட்டம் காலியாக இருந்தால், டாஸ்க்ஸில் ஒன்றை உருவாக்கி அதன் ஐடியைக் கொண்டுவந்து அந்தக் கட்டத்தில் போடும். அப்புறம் முடித்த டாஸ்க்குகளை வாங்கி, ஐடி பொருந்தினால் தேதியை எழுதி, ஐடி கட்டத்தைக் காலி செய்யும். பெயரை வைத்துப் பொருத்தக் கூடாது, 'தொட்டி' என்று நான் எழுதினால் 'தொட்டி, ப்ளீச்சிங் பவுடர் வாங்கணும்' என்று பிறகு நானே மாற்றிவைப்பேன். இதில் ஒரு இடத்தில் நன்றாகவே நேரம் போனது. முடிந்தவற்றையும் கொடு என்று கேட்டிருந்தும், போனில் டிக் அடித்தவை மட்டும் வரவே இல்லை. கூகுளின் சொந்த ஆப்பில் டிக் அடித்தால் அந்த டாஸ்க் 'முடிந்தது' என்பதோடு 'மறைந்தது' என்றும் ஆகிவிடுகிறது, அதனால் 'ஷோ ஹிடன்' என்பதையும் ட்ரூ என்று கொடுக்க வேண்டும். கூடவே ஒன்று, ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 20 டாஸ்க்தான் வரும், உச்சபட்சம் 100. கடந்த ஒரு வாரத்தில் முடிந்தவை மட்டும் போதும் என்று கேட்டுக்கொண்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை.

இனி ஐந்தரை மணி நேரக் கதை. இது போகும்போதும் கடிக்கும், வரும்போதும் கடிக்கும். டாஸ்க் முடிந்த நேரத்தை ஏபிஐ யூடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) தருகிறது. 12-ஆம் தேதி காலை 5 மணிக்கு மோட்டார் போடும்போதே தொட்டி வேலையை முடித்து டிக் அடித்தால், அங்கே அது 11-ஆம் தேதி இரவு 11:30. முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துத் தேதி என்று எழுதினால் ஒரு நாள் பின்னால் போகும். காலை ஐந்தரைக்கு மேல் டிக் அடித்தால் சரியாகவே வரும் என்பதால் பல நாள் கண்ணிலேயே படாது. எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். ஷீட்டில் இருக்கும் 12-ஆம் தேதி என்பது நம் ஊர் நள்ளிரவு 12 மணி, அதை யூடிசிக்கு மாற்றினால் 11-ஆம் தேதி மாலை 6:30. டாஸ்க்ஸ் ஏபிஐயோ கெடு தேதியில் மணியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொள்ளும், ஆக மிஞ்சுவது 11. இங்கே தப்பாமல் எல்லா டாஸ்க்கும் ஒரு நாள் முன்னால் விழும். தீர்வு இரண்டுக்கும் ஒன்றுதான், தேதியை எங்கே மாற்றினாலும் ஃபார்மட்டேட் என்ற கட்டளையில் ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தை வாயைத் திறந்து சொல்லிவிடுவது, அனுப்பும்போது அந்தத் தேதியோடு யூடிசி நள்ளிரவை ஒட்டி அனுப்புவது.

அடுத்த சிக்கல் வீட்டில் மற்றவர்கள். என் சொந்தக் கணக்கில் இருக்கும் கூகுள் டாஸ்க்ஸ் பட்டியலை இன்னொருவரோடு பகிர வழியில்லை, ஷீட்டைப் பகிரலாம். "நான் ஊற்றிட்டேன், நீங்க டிக் போட்டுக்கோங்க" என்று மனைவி சொல்வதும் நான் மறப்பதும் நடந்துகொண்டிருந்தது. அதனால் ஷீட்டில் ஆறாவதாக ஒரு செக்பாக்ஸ் நெடுவரிசை. போனில் இருக்கும் ஷீட்ஸ் ஆப்பில் நாம் உருவாக்கும் மெனு, பட்டன் எதுவும் வேலை செய்யாது, செக்பாக்ஸ் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஷீட்டில் எதையாவது திருத்தினால் ஓடும் வழக்கமான ஆன்எடிட் என்கிற எளிய ட்ரிக்கர் அனுமதி கேட்கும் சர்வீஸ் எதையும் தொட முடியாது, டாஸ்க்ஸும் அதில் சேர்த்தி, ஆகவே ட்ரிக்கர் பக்கத்தில் போய்த் தனியாக ஒன்றை நிறுவ வேண்டும். அப்படி நிறுவியது யார் நிறுவினார்களோ அவர்கள் கணக்கில்தான் ஓடும். இது எனக்கு ரொம்ப வசதி, அவர் தன் போனில் தன் கணக்கில் டிக் அடிக்கிறார், என் டாஸ்க்ஸில் அந்த வேலை முடிந்ததாக மாறுகிறது. பிறகு ஸ்கிரிப்டே செக்பாக்ஸை எடுத்துவிடும். ஸ்கிரிப்ட் செய்யும் திருத்தம் அந்த ட்ரிக்கரை மறுபடி எழுப்பாது என்பதால் சுற்றிச் சுற்றி ஓடும் பயமும் இல்லை.

நினைத்ததை விட அதிகம் உபயோகப்படுவது பிறகு சேர்த்த ஒன்று. டிக் அடிக்கும் முன் டாஸ்க்கின் குறிப்பில் '450 கேண்டில் மட்டும்' என்று எழுதினால், ஸ்கிரிப்ட் முதலில் வரும் எண்ணைச் செலவு என்று எடுத்து, மீதியை அப்படியே 'பதிவு' என்கிற இன்னொரு தாளில் கீழே சேர்க்கிறது. ஆர்ஓ ஆள் வந்து "மெம்பரேன் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்று சொன்னால் இப்போது போனைத் திறந்து காட்டலாம்.

இன்னும் படியாதது வண்டி சர்வீஸ். அது நாள் கணக்கில் இல்லை, கிலோமீட்டர் கணக்கில். பெட்ரோல் போடும்போது ஓடோமீட்டர் எண்ணை ஒரு கூகுள் ஃபார்மில் தட்டிவிட்டு, ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து அடுத்த தேதியை ஷீட்டே குத்துமதிப்பாகப் போடட்டும் என்று யோசனை. ஃபார்ம் தயார், பங்கில் நிற்கும்போது அதைத் திறக்க வேண்டும் என்ற ஞாபகம்தான் இன்னும் வரவில்லை.