ஈயின் இறக்கை

கண் பயிற்சிப் பிரிவில் என் மேசை இழுப்பறையில் ஒரு பெரிய ஈயின் படம் இருக்கிறது. போலராய்டு கண்ணாடி அணிந்து பார்த்தால், இரு கண்களும் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு அதன் இறக்கை தாளைவிட்டு மேலெழும்பித் தெரியும். "இறக்கையைப் பிடியுங்கள்" என்றால் விரல்கள் காற்றிலேயே கிள்ளும். சில குழந்தைகள் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்வார்கள். ஆழம் தெரியாதவர்களின் விரல் தாளில் போய் முட்டும்.

41 வயதில் வந்த அந்தத் தையல்கார அக்காவின் விரலும் முட்டியது. சிறுவயதிலேயே மாறுகண்ணுக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. பார்ப்பவர்களுக்குக் கண்கள் நேராகவே தெரியும். ஆனால் மூளை ஒரு கண்ணை ஏற்று மற்றதை அமுக்கிக்கொண்டிருந்தது. "ஊசியைத் தடவிப் பார்த்துத்தான் நூல் கோப்பேன். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால், "வயது கடந்துவிட்டது அக்கா" என்று அனுப்பியிருப்பேன். அப்படித்தான் படித்தோம். நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்தபோது, மூளையில் அந்தக் கண்ணுக்குரிய இடத்தை மற்ற கண் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனைகளில் அப்படி நேரவில்லை. 1981இல் நோபல் பரிசு பெற்றவர்கள் அவர்கள். பார்வை கெடும் பருவம் முடிந்தால் சீராகும் பருவமும் முடிந்தது என்று நாங்களாக முடிவுகட்டிக்கொண்டோம். இரண்டும் ஒன்றல்ல. கைக்குழந்தையிலேயே மாறுகண் வந்த அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பாரி, 48 வயதில் பயிற்சியால் முப்பரிமாணப் பார்வை பெற்றார். அதை அறிந்த நாளில், நான் திருப்பி அனுப்பியவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

அக்காவுக்குக் கொடுத்தது மூன்று மணிகள் கோத்த கயிறு. ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை மூக்கு நுனியில். ஒரு மணியை உற்றுப் பார்க்கும்போது இரு கண்களும் விழித்திருந்தால், கயிறு இரண்டாகி அந்த மணியில் குறுக்கிட்டுத் தெரியும். வாரக்கணக்கில் அவருக்கு ஒற்றைக் கயிறுதான். ஏழாவது வாரம் பதறிக்கொண்டு வந்தார்: "கயிறு இரண்டாகத் தெரிகிறது மேடம், ஏதாவது தப்பாகிவிட்டதா?" அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

எல்லோருக்கும் இது வாய்க்காது. அமுக்கம் விலகியும் இரு பிம்பங்கள் ஒன்றுசேராவிட்டால், இரட்டைப் பார்வை நிரந்தரமாகத் தங்கிவிடலாம். அதனால் பிம்பங்கள் சேருமா என்று முதலில், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் சினாப்டோஃபோர் கருவியில் சோதிக்கிறோம். அப்படியும் ஓர் இளைஞருக்குப் பாதியில் பயிற்சியை நிறுத்த வேண்டியிருந்தது. அவரிடம் அதைச் சொன்னது கடினமான வேலை. உத்தரவாதம் தந்து பயிற்சி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஐந்தாவது மாதம் ஈயின் படத்தை மறுபடி எடுத்தேன். அக்காவின் விரல்கள் தாளுக்கு மேலே, காற்றில் நின்றன. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அடுத்த முறை வந்தபோது ஈயைப் பற்றி அவர் பேசவே இல்லை. "மிஷின் ஊசி தனியாக முன்னால் நிற்கிறது மேடம்," என்றார். "துணி அதற்குப் பின்னால் இருக்கிறது."