இன்னைக்கு லீவா கண்ணு?

தலைக்கு மேல் விளக்கு அணைந்துவிட்டது. கையைத் தூக்கி ஆட்டினேன், எரிந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அணைந்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற விளக்கு. மாலை ஐந்தேகால் மணிக்கு அந்த மாடியில் நடமாட என்னை விட்டால் ஆளில்லை. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு வந்து இரண்டாவது வாரம், டிசம்பர் மாதம். சூரியன் மூன்றரை மணி வாக்கில் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டிருந்தது. ஜவுளிக்கடை வாசலில் கும்பிடு போடும் பொம்மை மாதிரி கையை ஆட்டி ஆட்டியே வேலையை முடித்து, ஏழு மணிக்குப் பெருமையாக மேனேஜருக்கு மெயில் தட்டினேன்.

மறுநாள் காலை அவர் காபிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார். "வேலையை அதிகமாகக் கொடுத்துவிட்டேனோ? இல்லை, ஏதாவது புரியவில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் விசாரிக்கிற குரல்.

சென்னையில் ஆறு மணிக்குப் பையைத் தூக்கினால் "என்னங்க, ஹாஃப் டேயா?" என்று கேட்கும் ஆபீசில் எட்டு வருடம் இருந்தவன் நான். ராத்திரி ஒன்பது மணி வரை நாற்காலியைத் தேய்த்தால் அங்கே பொறுப்பான பையன். இங்கே வேலை தெரியாத பையன். ரொம்பவே சுட்டது.

இங்கே வாரத்துக்கு 37 மணி நேரம். அதை எந்தச் சட்டத்திலும் தேடினால் கிடைக்காது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசிப் போட்ட ஒப்பந்தம். சங்கத்தில் சேராத என்னைப் போன்றவர்களுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. நாலு மணி நெருங்கினால் "தக் ஃபோ இ டே" என்று ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். இன்றைய நாளுக்கு நன்றி என்று அர்த்தம். அப்புறம் ஹெல்மெட், சைக்கிள், குழந்தைகள் காப்பகம். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு மணியிலிருந்தே நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

சோம்பேறிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாதம் கவனித்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. கம்பு ரொட்டி மாதிரி கறுத்த ரை ரொட்டியை அரை மணிக்குள் தின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தால், நாலு மணி வரை தலை நிமிராது. சென்னையில் என் பதினோரு மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தேன். காலை டீ, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், நாலு மணி டீயும் மசால் வடையும், ஆறு மணிக்கு "வா மச்சான், ஒரு டீ". மிச்சமிருந்த நேரம் இவர்களுடைய ஏழரை மணிக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அந்த டீயில்தான் என் சிநேகிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். அதுதான் விஷயம். இங்கே நேரத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கூட உட்கார ஆளைக் கொடுக்கவில்லை. இவர்களுக்குப் பள்ளிக்கூட நாள் முதலே சேர்ந்த கூட்டம் இருக்கிறது, அதில் புதிதாக ஒரு நாற்காலி போடுவது லேசில்லை. நாலரை மணிக்கு நகரத்தின் வால்பி பகுதியில் வாடகை அறையைத் திறந்து, அரிசியைக் களைந்து, குக்கர் மூன்று விசில் விட்ட பிறகும் மணி ஐந்தைத் தாண்டியிருக்காது. படுக்கப் போகும் வரை அந்த ஆறு மணி நேரத்தை என்ன செய்வது? துணியை இஸ்திரி போட்டேன். போட்ட துணியையே மறுபடி போட்டேன்.

ஊருக்குப் போன் செய்தால் அப்பா முதலில் கேட்பது: "ஏங்கண்ணு, இன்னைக்கு லீவா?"

"இல்லீங்கப்பா, வேலை முடிஞ்சுது."

"அதுக்குள்ளயா?" அப்புறம் போன் அம்மா கைக்கு மாறும். அம்மா நேரடியாகக் கேட்கமாட்டார். "சம்பளம் எல்லாம் ஒழுங்காப் போடுறாங்கதானே சாமி?" என்பார்.

அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. எட்டு மணி நேர ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள், 48 மணி. சங்கு ஊதினால்தான் எங்கள் வீதிக்கே மணி தெரியும். அம்மா உலை வைப்பதும் சங்குக்குத்தான். நைட் ஷிப்ட் முடித்து அப்பா காலையில் வந்தால் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதை நான் ஒவ்வொன்றாக எடுப்பேன். பாதியிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார்.

எனக்கு டென்மார்க்கைக் கொஞ்சம் புரியவைத்தது, பக்கத்து மேசையில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓர் அம்மையார். அவருடைய அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். "இதெல்லாம் சும்மா வந்ததென்று நினைக்காதே" என்று ஆரம்பிப்பார். எட்டு மணி நேர வேலை வேண்டுமென்று 1890 மே தினத்திலேயே ஊர்வலம் போனார்களாம். அது கிடைக்க 1919 ஆனது. அப்போதும் ஆறு நாள், அதே 48 மணி, என் அப்பாவின் கணக்குத்தான். எழுபதுகளில் 40. 1987-இல் போட்ட ஒப்பந்தப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 1990-இல் 37. விடுமுறையும் அப்படித்தான், 1938 சட்டத்தில் இரண்டு வாரமாக இருந்தது இன்று ஐந்து வாரம். ஆறாவது வாரம் கேட்டு 1998-இல் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். 11 நாளில் அரசே சட்டம் போட்டு முடித்துவைத்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, சில நாட்கள் கிடைத்தன. அம்மையாருக்கு அதில் மறக்காதது ஈஸ்ட். ரொட்டி கிடைக்காது என்று பயந்து ஊரே ஈஸ்டை வாங்கிப் பதுக்கியதாம். புயல் அறிவித்தால் நம்மூரில் பால் பாக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி.

1990-க்குப் பிறகு 37 அங்கேயே நிற்கிறது. அப்புறம் விடுமுறையில் ஒரு நாள் பறிபோனது. ஈஸ்டருக்குப் பின் வரும் நாலாவது வெள்ளி 'ஸ்டோர பேதடே', பெரிய பிரார்த்தனை நாள், 1686 முதல் இருந்த விடுமுறை. ராணுவச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று அரசு அதை எடுத்துவிட்டது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் சுமார் 50,000 பேர் கூடினார்கள். ஒரே ஒரு நாளுக்காகவா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு மாதத்தில் சிரிப்பு போய்விட்டது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் ஏப்ரலில் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். அந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. "பன்னெண்டா?" என்று மட்டும் கேட்டார். இங்கே அதே வாரம், மே 5, கடைசிப் பிரார்த்தனை நாள் விடுமுறை.

இப்போது என் சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு வரி இருக்கிறது. பறித்த நாளுக்கு ஈடாக 0.45 சதவீதம்.

அந்தப் பிரார்த்தனை நாளுக்கென்று ஒரு பன் உண்டு. பேக்கரிக்காரர்களும் அன்று வேலை செய்யக்கூடாது என்பதால் முந்தின நாளே சுட்டுவைத்த பழக்கம். விடுமுறை போனது, பன் போகவில்லை. 2024 ஏப்ரலில், விடுமுறை இல்லாத முதல் வெள்ளிக்கிழமை, அம்மையார் ஒரு பை நிறைய ஆபீசுக்கே கொண்டுவந்தார். சூடாக்கிப் பிளந்து வெண்ணெய் தடவிக் கொடுத்தார். எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது என்று ஆறு வருடமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். வாயில் வைத்ததும் ஏலக்காய் மணந்தது. தீபாவளிக்கு அம்மா பாயசம் இறக்கும் மணம். பன்னைக் கையில் வைத்துக்கொண்டே வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் மதியம் மூன்று மணி.

"ஏங்கண்ணு, லீவா?"

"இல்லீங்கப்பா. இத்தனை வருசம் இன்னைக்கு லீவு. இப்பத்தான் எடுத்துட்டாங்க. ஆபீஸ்லதான் இருக்கேன்."

அப்பா முகம் மலர்ந்தது. "அப்பச் சரி," என்றார். "போய் வேலையைப் பாரு."