சீருடையிலிருந்து தாள்: கத்தரி முதல் காயப்போடுவது வரை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்றொரு நகரம். அங்கே 2007-இல் 'காம்பாட் பேப்பர்' (போர்க் காகிதம்) என்ற திட்டம் தொடங்கியது. தொடங்கியவர்கள் இருவர்: இராக் போருக்குப் போய்த் திரும்பிய ட்ரூ கேமரன், கைக்காகிதம் செய்யும் கலைஞர் ட்ரூ மேட்டட். போர் பார்த்தவர்கள் தங்கள் சீருடையை வெட்டுவார்கள், கூழாக அடிப்பார்கள், அந்தக் கூழில் தாள் எடுப்பார்கள், அந்தத் தாளிலேயே தங்கள் படத்தையும் எழுத்தையும் பதிப்பார்கள். கேமரன் தன் சீருடையைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வெட்டிக் கழற்றினார். அதைப் பிடித்த புகைப்படங்கள் சீருடைக் கூழில் செய்த தாளில் பதிந்து 'பிரேக்கிங் ரேங்க்' என்ற வரிசையாக வந்தன. பின்னாளில் நியூஜெர்சியில் இதே வேலைக்கு ஒரு கிளை முளைத்தது. மேட்டட் 2011-இல் 'பீஸ் பேப்பர்' என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, துணியைக் கூழாக அடிக்கும் இயந்திரமான பீட்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "போரின் வலி காகிதமானது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் துணி அவ்வளவு எளிதாகக் காகிதமாவதில்லை. எந்தப் போரில் போட்ட சீருடை என்பதைப் பொறுத்து நூல் மாறுகிறது. நூல் மாறினால் அடிக்கும் நேரமும் தாளின் நிறமும் பலமும் எல்லாமே மாறுகின்றன. இந்தக் கலையின் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் கழுத்துக்கு உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். வியட்நாம் காலத்துப் பச்சைச் சீருடை முழுப் பருத்தி. தாள் செய்ய அதைவிட நல்ல துணி கிடையாது. 1975 வாக்கில் அதன் இடத்துக்குப் பாலியஸ்டர் கலந்த துணி வந்தது. 1981-இல் வந்த, காட்டு நிறத் திட்டுகள் போட்ட சீருடை பாதி நைலான், பாதி பருத்தி. அதிலேயே வெயில் நாடுகளுக்கென்று வந்த வகைகளில் முழுப் பருத்தியும் உண்டு. 2005-இல் வந்த சாம்பல் பச்சை நிற ஏசியு (ராணுவப் போர்ச் சீருடை) மறுபடியும் பாதிக்குப் பாதி. ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் பலர் போட்ட தீத்தடுப்புச் சீருடை இன்னொரு ரகம்: 65 சதவீதம் ரேயான், 25 சதவீதம் அரமிட், மீதி நைலான். அரமிட் என்பது குண்டு துளைக்காத உடுப்பில் போடும் கெவ்லரின் குடும்பம். அது பீட்டரின் கத்தியை மழுக்கும். தானும் எளிதில் வெட்டுப்படாது. ரேயானோ நனைந்தாலே பலம் இழந்துவிடும். அந்த ஒரு சட்டையை நம்பி ஒரு கொப்பரையை நிரப்பக் கூடாது. சீருடைக்காரர் கொண்டுவந்தது அது ஒன்றுதான் என்றால், நல்ல பருத்திக் கூழில் சிறு பங்காகக் கலந்து எடுக்கலாம்.

லேபிள் கிழிந்து போயிருந்தால் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். நைலான் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக உருண்டு நிற்கும். தீத்தடுப்புத் துணி, நெருப்பை எடுத்த உடனே தானாக அணைந்துவிடும். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், எரியும் வாசனையைத் தாங்க முடியாதவர்கள் இல்லாத நேரத்தில். போர்க்களத்திலிருந்து வந்தவர்கள் நடுவில் ஒரு துணியைக் கொளுத்துவது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது துவைப்பது. பிற்காலச் சீருடைகள் பலவற்றில் பூச்சி அண்டாமலிருக்கப் பெர்மெத்ரின் ஏற்றியிருப்பார்கள். அது துணியோடு பிடித்துக்கொள்ளும் மருந்து. மீன்களுக்குக் கொடிய விஷம் என்பதால், துவைத்த தண்ணீரும் பிறகு கூழ் வடித்த தண்ணீரும் குளத்திலோ வாய்க்காலிலோ போய்ச் சேரக் கூடாது. வெட்டும்போதும் கூழைக் கையாளும்போதும் கையுறை நல்லது.

வெட்டுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பித்தான், ஜிப், வெல்க்ரோ, எலாஸ்டிக், பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு உலோகக் கொக்கி தப்பி உள்ளே போனாலும் பீட்டரின் கத்தி பல் உடைந்துவிடும். பிறகு தையல் ஓரங்கள். இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, பாலியஸ்டர் கலந்த நூலால் தைத்த இடங்கள் அவை. எத்தனை மணி நேரம் அடித்தாலும் அந்த நூல் கரையாது, தாளில் புழுப் போல நெளிந்து கிடக்கும். தையலைப் பிரிக்கத் தேவையில்லை, ஓரத்தை ஒட்டி வெட்டி ஒதுக்கினால் போதும். மிஞ்சும் துணியைத் தபால்தலை அளவுக்கு, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் துண்டு போட வேண்டும். நீளமாக விட்டால் உருளையில் சுற்றிக்கொள்ளும். பொறுமையிழந்து மிகவும் பொடியாக நறுக்கினாலோ நார் நீளம் குறைந்து தாள் மடித்த இடத்தில் உடையும்.

இந்த வெட்டும் வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த ஒரு ஜோடிக்கு ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அரை நாள் ஓடிவிடும். அந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்பேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், கையில் கத்தரி, கண் துணியில். யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. வீட்டில் வாய் திறக்காதவர்கள் இங்கே பேசுவது அதனால்தான். இயந்திர வெட்டுக்கத்தியால் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று நினைக்கிறவர்கள் பட்டறையின் முக்கியமான பாகத்தை இழந்துவிடுகிறார்கள். முதல் வெட்டு சீருடைக்காரருடையது. பெயர்ப் பட்டையையும் பதவிச் சின்னத்தையும் என்ன செய்வது என்பது அவர் முடிவு. வெட்டாமல் மடித்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் அதுவும் சரி. அவருக்கு வேறொருவரின் கூழில் தாள் எடுக்க இடம் கொடுக்க வேண்டும். இறந்துபோன மகனின் சீருடையோடு தாயோ தந்தையோ வந்தால், வெட்டும் துணியில் ஒரு கையளவு முழுதாக எடுத்து வைத்துவிடுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். கூழான பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.

வெட்டிய துண்டுகள் ஓர் இரவு ஊற வேண்டும். எண்ணெய்க் கறையோ பழைய அழுக்கோ இருந்தால், துணி எடையில் பத்து சதவீதம் சலவைச் சோடா போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, வழவழப்பு போகும்வரை அலச வேண்டும். பிளீச் வேண்டாம். நார் பலவீனமாகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று நிறம். பாலைவனச் சீருடை மணல் நிறத் தாளாகவும், காட்டுச் சீருடை பாசி படிந்த சாம்பலாகவும் வருவது அந்தத் துணியின் சொந்தச் சாயத்தால். அதை வெளுத்துவிட்டால் சாதாரணக் கந்தல் காகிதம்தான் மிஞ்சும்.

இனி பீட்டர். நீள்வட்டத் தொட்டி, நடுவில் ஒரு தடுப்புச் சுவர், ஒரு பக்கம் கத்திகள் பதித்த உருளை, அதற்குக் கீழே அசையாத கத்திப் பலகை. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் பிறந்ததால் ஹாலண்டர் பீட்டர் என்று பெயர். பருத்திக் கந்தலில் கைக்காகிதம் செய்யும் நம் ஊர்க் கூடங்களிலும் இதுதான் ஓடுகிறது. ஆனால் பனியன் கட்டிங் வேஸ்ட் பின்னல் துணி, சீக்கிரம் பிரியும். சீருடை, கிழியாமலிருக்கவே இறுக்கி நெய்தது. அதனால் நம் ஊர் நேரக் கணக்கு இதற்கு ஒத்து வராது.

அரைக் கிலோ உலர் துணிக்கு 22 முதல் 25 லிட்டர் தண்ணீர், அதாவது நூற்றுக்கு இரண்டு என்ற அடர்த்தி. உருளையை உயர்த்தி வைத்து ஓடவிட்டு, ஒவ்வொரு கைப்பிடியாக, முந்தியது சுற்ற ஆரம்பித்த பிறகு அடுத்தது என்று போட வேண்டும். எல்லாம் உள்ளே போக அரை மணி நேரம் ஆகலாம். மொத்தமாகக் கொட்டினால் உருளைக்கு முன்னால் அடைத்துக்கொண்டு பெல்ட் வழுக்கும், மோட்டார் சூடேறும். முதல் ஒரு மணி நேரம் உருளையை அழுத்தாமல் நெசவை மட்டும் பிரிக்க வேண்டும். துண்டு நூலாக வேண்டும், நூல் பஞ்சாக வேண்டும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். எடுத்த எடுப்பிலேயே இறக்கினால் நார் பிரியாமல் வெட்டுப்படும், தாள் அட்டை போல மொறுமொறுவென்று வரும். தொட்டியின் வளைவுகளில் கூழ் தேங்கி நிற்கும். மரத் துடுப்பால் அவ்வப்போது தள்ளிவிடாவிட்டால், நாலு மணி நேரம் கழித்தும் அங்கே முழுத் துண்டுகள் அப்படியே இருக்கும்; கடைசியில் தாளில் கட்டியாக வந்து நிற்கும்.

முழுப் பருத்தி என்றால் நாலைந்து மணி நேரம் போதும். போதுமா என்று பார்க்க, ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். மேகம் போலச் சீராகப் பரவினால் சரி. நூல் நூலாகத் தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும். நைலான் கலந்த சீருடையில் இந்தச் சோதனை முழுத் திருப்தி தராது. பருத்தி நார் அடிபட அடிபட மேற்பரப்பு சிலிர்த்து, தண்ணீர் குடித்து உப்பி, காயும்போது பக்கத்து நாரோடு ஒட்டிக்கொள்ளும். நைலானுக்கு அந்தக் குணம் இல்லை. வெட்டுப்படும், சிலிர்க்காது, ஒட்டாது. பாதிக்குப் பாதித் துணியில் எடுத்த தாளில் மயிர் மயிராகத் தெரிவது அதுதான். விரலால் தேய்த்தால் பிசிறு எழும்பும்.

இதற்கு எளிய வழி, நன்றாக அடித்த பருத்திக் கூழைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்ப்பது. கடையில் வாங்கிய வெள்ளைக் கூழைவிட, சீருடைக்கு உள்ளே போட்ட பருத்திப் பனியனே மேல்: மென்மையான துணி, சீக்கிரம் கூழாகும், அதே ஆளுடைய வியர்வை பட்டது. தீத்தடுப்புச் சீருடையைத் தவிர, எதைச் சேர்த்தாலும் சீருடையின் பங்கு பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு பிடி சீருடைத் தூளை வெள்ளைக் கூழில் தூவிவிட்டுப் போர்க் காகிதம் என்று பெயர் வைப்பது, அதைக் கொண்டுவந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

பீட்டரின் சத்தம் பற்றி ஒன்று. ஓட ஆரம்பிக்கும்போது உறுமும். கத்தி பலகையில் உரசினால் கிறீச்சிடும். முன்கூட்டிச் சொல்லாமல் சுவிட்சைப் போடக் கூடாது. கூழ் இல்லாமல் உருளையை இறக்கி ஓட்டக் கூடாது. கத்தியும் கெடும், அந்தச் சத்தம் அறையில் இருப்பவர்களையும் உலுக்கும். உட்காரும் இடம் கதவைப் பார்த்தபடி இருந்தால் பலருக்கு நிம்மதி.

தாள் தூக்குவது மற்ற கைக்காகிதம் போலத்தான். கூழைக் கொப்பரையில் நூற்றுக்கு அரை அளவுக்கு நீர்க்கவிட்டு, சல்லடை அச்சைச் சட்டத்தோடு முக்கி, மட்டமாகத் தூக்கி, நீர் வடிவதற்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓர் அசைப்பு. சீருடை நார் நீளம் என்பதால் உடனே திரண்டுவிடும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் கொப்பரையை அடிவரை கலக்க வேண்டும். தாளை ஈரக் கம்பளியில் உருட்டி இறக்க வேண்டும். கம்பளி காய்ந்திருந்தால் தாள் அச்சைவிட்டு வராது. அடுக்கை 20 டன் ஜாக்கி பிரஸ்ஸில் வைத்து மெதுவாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் உள்ளே இருக்கும் நீர் தாளைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். ஏ4 அளவில், சதுர மீட்டருக்கு 100 கிராம் தடிப்பில், அரைக் கிலோ துணிக்குக் கணக்குப்படி 80 தாள் வரும். சேதாரம் போக 60 முதல் 65 என்று வைத்துக்கொள்ளலாம். உறிஞ்சுதாளுக்கும் நெளிவு அட்டைக்கும் இடையில் அடுக்கி, பாரம் வைத்து, மின்விசிறிக் காற்று ஓடவிட்டால் இரண்டு நாளில் சமமாகக் காயும். கொடியில் தொங்கவிட்டால் நைலானும் பருத்தியும் வெவ்வேறு அளவில் சுருங்கித் தாள் அலையலையாக நெளியும்.

படம் பதிக்க இரண்டு வழி. காய்ந்த தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வது ஒன்று. மற்றது, எனக்கு அதிகம் பிடித்தது, கூழாலேயே அச்சடிப்பது. ஏழெட்டு மணி நேரம் மாவு போல அடித்த பருத்திக் கூழில் நிறமியையும், நிறமியை நாரோடு பிடித்து வைக்கும் ரசாயனத்தையும் சேர்க்க வேண்டும். முதலில் அந்த ரசாயனம், பிறகு நிறமி, பிறகு கால் மணி நேரம் கலக்கல். மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்தால் நிறம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தெளியாமல் பிரஸ்ஸில் வைத்தால் நிறம் பக்கத்துத் தாளுக்கெல்லாம் ஓடும். இந்தக் கூழை நீர்க்கவிட்டு, படம் வெட்டிய பெரிய கண் ஸ்கிரீன் வழியே, இப்போதுதான் இறக்கிய ஈரத் தாளின்மேல் தெளிக்க வேண்டும். ஸ்கிரீனை ஒரு பக்கமாகத் தூக்கினால் விளிம்பு கலையும். நேராக மேலே எடுக்க வேண்டும். பிறகு பிரஸ். காய்ந்த பின் அந்தப் படம் தாளின் மேல் நிற்காது, தாளோடு தாளாகியிருக்கும், சுரண்டினாலும் வராது. மெல்லிய கோடும் முகபாவமும் இதில் எடுபடா. நிழலுருவம், தலைக்கவசம், ஒரு பெயர், ஒரு தேதி, இவை நன்றாக வரும்.

மையால் எழுத வேண்டுமென்றால் தாளுக்குப் பசை ஏற்ற வேண்டும். காய்ந்து ஒரு வாரம் ஆன தாளை இரண்டு சதவீத ஜெலட்டின் வெந்நீரில் முக்கி எடுத்தால் மை பரவாது.

ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் பென்சிலால் சீருடை வகை, கலந்த பருத்தியின் பங்கு, அடித்த நேரம், தேதி நாலையும் குறித்துவிடுங்கள். சீருடைக்காரர் பெயரை அவர் சம்மதம் இருந்தால் மட்டும் எழுத வேண்டும். அவருடைய தாள்களில் முதல் பத்தை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் மற்றவை பொது அடுக்குக்குப் போக வேண்டும். ஒதுக்கி வைத்த தையல் ஓரம், பித்தான், பட்டை எல்லாம் ஒரு பையில் அவர் பெயரோடு இருக்கட்டும். குப்பையில் போடுவதா, வீட்டுக்கு எடுத்துப்போவதா என்று அவரைக் கேட்காமல் பையைத் தொட வேண்டாம்.