முக, தாடை காய மதிப்பீட்டுச் செய்முறைத் தேர்வு: இரண்டாம் முறை எழுதித் தேறியவளின் குறிப்புகள்

முதல் முறை செய்முறைத் தேர்வுக்குப் போனபோது என் கையில் தரப்பட்ட அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: வயது 19, கபடி வீரர், எதிராளியின் முழங்கால் மூக்கில் பட்டிருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது, மதிப்பிடவும். எட்டு நிமிடம் கொடுத்தார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், மூக்குத்தண்டை இரு விரல்களால் தடவி உடைந்த எலும்பு உரசும் நெறுநெறுப்பு தட்டுகிறதா என்று கவனித்தேன், கண் அசைவைச் சோதித்தேன். மணி அடிக்கச் சற்று முன்பு தேர்வாளர், "மூக்கின் உள்ளே பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பென் டார்ச் தொடக்கத்திலிருந்தே மேசைமேல் கிடந்தது. நான் அதை எடுக்கவே இல்லை. அந்தப் பகுதியில் எனக்குத் தேர்ச்சி கிடைக்கவில்லை, அது நியாயமான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

விளையாட்டுப் பிசியோதெரபி படிப்பவர்கள் இந்த ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாசி நடுச்சுவரின் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. அடிபட்டு உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்கிவிட்டால், சில நாட்களுக்குள் குருத்தெலும்பு செத்துப்போகலாம், சீழ் பிடிக்கலாம், பிறகு மூக்குத்தண்டு குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும். ஆகவே இரண்டு துவாரங்களிலும் விளக்கடித்து, நடுச்சுவரில் செந்நீலமாக உப்பிய மேடு தெரிகிறதா என்று பார்த்து, பஞ்சுக்குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிறவியிலேயே வளைந்த நடுச்சுவர் கெட்டியாக இருக்கும். ரத்தத் தேக்கம் மெத்தென்று அமுங்கும். அமுங்கினால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் தேக்கம் பிறகு உருவாகக்கூடும் என்பதால், மறுநாளும் பார்க்க வேண்டும் என்று தேர்வில் சொல்லுங்கள். கோணிய மூக்கெலும்பு அவ்வளவு அவசரமில்லை. வீக்கம் வடிய மூன்று முதல் ஐந்து நாள் காத்திருந்து, பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் நிமிர்த்திவிடலாம். வெளியே பயங்கரமாகத் தெரிவது காத்திருக்கலாம், உள்ளே ஒளிந்திருப்பது காத்திருக்காது என்ற இந்த வேறுபாட்டைத்தான் தேர்வாளர் என்னிடம் எதிர்பார்த்திருக்கிறார்.

காது மடலிலும் இதே கதைதான். மல்யுத்தத்திலும் கபடியிலும் மடல் நசுங்கி ரத்தம் தேங்கும்போது ஓரிரு நாளில் வெளியேற்றி அழுத்தக் கட்டுப் போடாவிட்டால், அது காலிஃபிளவர் போலச் சுருண்டு இறுகிவிடும்.

சோதனையின் வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தில் ரத்தத்தைக் கண்டதும் கை அங்கேதான் போகும், போகக் கூடாது. மூச்சு வழி, கழுத்தெலும்பு, நினைவு, ரத்தப்போக்கு ஆகியவற்றைப் பார்த்த பிறகே முகம். உடைந்த பல்லோ கழன்ற பல் காப்போ வாயில் இருந்தால் அது மூச்சை அடைக்கும். மூக்கிலோ காதிலோ தண்ணீர் போன்ற திரவம் வடிந்தாலும், காதுக்குப் பின்னால் கன்றியிருந்தாலும், மண்டையோட்டின் அடித்தளம் விரிசல் கண்டிருக்கலாம். அந்த வீரரை மூக்குச் சிந்தவும் விடக் கூடாது. மேலே பார்க்கும்போது உருவம் இரண்டாகத் தெரிந்தால் கண்குழியின் தரையெலும்பு முறிந்திருக்கலாம் என்று நினையுங்கள்; சிறுவர்களில் கண் வெளியே தெளிவாக இருந்தும் வாந்தி வந்து நாடித்துடிப்பு மெதுவானால் அது அவசரம்.

தாடைக்கு நான் விடுதி அறையில்தான் உண்மையாகத் தயாரானேன். தோழிகளின் தாடையோரத்தைக் காது முனையிலிருந்து முகவாய் வரை தினமும் தடவித் தடவி, இயல்பான எலும்பு எப்படி இருக்கும் என்று விரலுக்குப் பழக்கினேன். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியைக் கடைவாய்ப் பற்களால் கடிக்கச் சொல்லி, மறுமுனையை நான் முறுக்க வேண்டும்; நல்ல தாடையுள்ளவர் குச்சி படக்கென்று ஒடியும் வரை விடமாட்டார், முறிவுள்ளவர் வலி தாளாமல் வாயைத் திறந்துவிடுவார். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஆனாலும் என் கணிப்பில் இதைவிடச் சிறந்தது ஒரு கேள்வி: "பற்கள் எப்போதும் போலச் சேருகின்றனவா?" இல்லை என்று சொன்னால், மரத்த கீழுதட்டையும் நாக்கின் அடியில் ரத்தக் கன்றலையும் தேடுங்கள். தாடை வளையம் போன்ற எலும்பு என்பதால் ஓரிடத்தில் முறிந்தால் இன்னோர் இடத்திலும் முறிந்திருக்கக்கூடும். முகவாயில் வெட்டுக்காயம் இருந்தால் காதுக்கு முன்னுள்ள மூட்டையும் தொட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

2002இல் ஆன்டிகுவாவில் அனில் கும்ப்ளே உடைந்த தாடையோடு கட்டுப் போட்டுக்கொண்டு பந்துவீசி மேற்கிந்தியத் தீவுகளின் பிரையன் லாராவின் விக்கெட்டை எடுத்ததை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அந்தத் துணிவை நானும் வணங்குகிறேன். ஆனால் மைதான ஓரத்தில் நிற்கும் பிசியோவுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு: தாடை உடைந்தவர் நடப்பார், பேசுவார், விளையாடவும் கேட்பார், அவர் நலமாக இருப்பதாகச் சொல்வது சோதனையாகாது.

விழுந்த நிலைப்பல்லை வேரைத் தொடாமல் தலைப்பகுதியில் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி உடனே குழியில் பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுப் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் முறை போனபோது அட்டையில் ஹாக்கி வீராங்கனை இருந்தார். மட்டை தொண்டையில் பட்டிருக்கிறது, வலி குறைந்துவிட்டது, களத்துக்குத் திரும்ப அனுமதி கேட்கிறார். கழுத்தில் ஒரு சிவந்த கோடு தவிர வேறெதுவும் தெரியவில்லை. நான் கையை வைப்பதற்கு முன் அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னேன். அந்த வேடத்தில் இருந்த பெண் கரகரத்த குரலில் பதில் சொல்லிவிட்டு, எச்சில் விழுங்கும்போது முகம் சுளித்தார். வழக்கமாக உங்கள் குரல் இப்படித்தானா என்று கேட்டேன், இல்லை என்றார். தோலுக்கடியில் காற்று நுழைந்து நொறுநொறுக்கிறதா என்று மென்மையாகத் தொட்டுப் பார்த்தபடியே, குரல்வளை வீக்கம் சில மணி நேரத்தில் கூடி மூச்சை அடைக்கலாம், ஆகவே இவர் களத்துக்குப் போகக் கூடாது, படுக்க வைக்காமல் உட்கார்ந்த நிலையிலேயே ஆம்புலன்சில் அனுப்புகிறேன் என்று உரக்கச் சொன்னேன். தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த அட்டையை எடுக்கச் சொன்னார்.